பத்து இருபதுக்குத் திரும்பிய கடிகாரம்

எங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் கிடையாது. பேருந்தையும் லாரியையும் மட்டுமே கண்டு வளர்ந்த ஊர் அது. ஆயினும் 1991ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான்காம் வகுப்பு மாணவியாகிய நான் ஒலிவாங்கியின் முன் நின்று, செங்கல்பட்டு வண்டியும் அரக்கோணம் வண்டியும் வருவதை உலகுக்கு அறிவித்தேன். அவ்விரு வண்டிகளும் ஒரு மேசையின்மேல் ஓடின.

மேசை, தண்டலத்துக்கு அருகே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் இருந்தது. அதில் ரயில் விட்டவர் என் தாய்மாமா. அங்கே அவர் தற்காலிக ஆசிரியர். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பது ஒவ்வோர் ஆண்டும் புதிய கேள்வி. அத்தை அப்போது நிறைமாதம். கண்காட்சியில் கணினியால் இயங்கும் ரயிலைக் காட்டினால் வேலையை நிரந்தரமாக்குவதாகக் கல்லூரித் தாளாளர் வாக்களித்திருந்தார். அந்த வாக்கை நம்பி மாமா கோடை விடுமுறை முழுவதையும் ஈயம் பற்றவைக்கும் புகையில் கழித்தார்.

மேசையில் செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ஒற்றைப் பாதை. நடுவில் வாலாஜாபாத்தில் மட்டுமே ஒரு வண்டி ஒதுங்கி மற்றதற்கு வழிவிட முடியும். வண்டி எங்கே இருக்கிறது என்று உணரும் கருவிகளை வாங்கக் கல்லூரி இசையவில்லை. ஆகவே எந்த மணிக்கு எந்த வண்டி எங்கே இருக்கும் என்ற கால அட்டவணையை மாமா கணினியில் ஏற்றினார். கணினி தன் கடிகாரத்தைப் பார்த்து, உரிய தண்டவாளத்துக்கு மின்சாரம் அனுப்பும். என் சொற்பொழிவையும் அவரே எழுதித் தந்தார். கைகளை விரிக்கும் இடங்களை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன்.

"அவையோரே! இந்தக் கணினி ரயிலைப் பார்ப்பதில்லை, மணியைத்தான் பார்க்கிறது! மணி பிழைக்காதவரை இங்கே விபத்து என்பதே இல்லை!"

அன்று காலை இதை மூன்று கூட்டங்களுக்கு முழங்கினேன். மூன்று முறையும் கைதட்டல். வண்டிகளும் என் சொல்லைக் காப்பாற்றின.

கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர், ஒரு பெரிய தொழிற்சாலையின் மேலாளர், பத்து மணிக்கு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். அவருடைய கார் வாசலுக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். வியர்வையோடு ஓடிவந்த தாளாளர், கணினித் திரையில் கொட்டை எழுத்தில் ஒளிர்ந்த மணியைக் கண்டு திடுக்கிட்டார்.

"இன்னாய்யா இது, ராகுகாலத்துல கொடியாட்ற மாதிரி போட்டோல விழும். பத்து இருபதுன்னு மாத்துய்யா."

"சார், வண்டி ரெண்டும் லைன்ல ஓடிக்கினு இருக்கு. நிறுத்தி, பத்து இருபதுக்கு இருக்க வேண்டிய எடத்துல வச்சிட்டு மாத்தறேன். கொஞ்சம் டைம் குடுங்க."

"அவுரு படி ஏறிட்டாருய்யா! ஒரு மணிய மாத்த இவ்ளோ பேச்சா? உனுக்கு இங்க வேல வேணுமா, வேணாமா?"

மாமா விசைப்பலகையின் முன் குனிந்தார். பிறகு விசைகளைத் தட்டினார். திரையில் பத்து இருபது.

விருந்தினர் பச்சைக் கொடியை அசைத்தார். நான் கைகளை விரித்தேன். "விபத்து என்பதே" என்று தொடங்கிய என் குரலின் மீதே, அரக்கோணத்திலிருந்து புறப்பட்ட வண்டி, எதிரே வந்துகொண்டிருந்த செங்கல்பட்டு வண்டியில் முழு வேகத்தில் மோதியது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஓர் எஞ்சின் மேசையிலிருந்து விழுந்து, விருந்தினரின் காலணியருகே தலைகீழாகக் கிடந்து சக்கரம் சுழற்றியது.

பின்வரிசையில் ஒரு மாணவன், "இன்னாடா, கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவுட்டா?" என்றான். கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. விரித்த கைகளை மடக்கத் தோன்றாமல் நான் நின்றேன். சொல்லால் கட்டிய ஒன்று கண்ணெதிரே நொறுங்குவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"யார் ப்ரோக்ராம் எழுதினது?" என்றார் விருந்தினர்.

தாளாளர் கூரையைப் பார்த்தார். மாமா முன்னே வந்தார். "நான்தான் சார். தப்பு என்னோடது."

மோதலைவிட அந்தச் சொல்தான் என்னைத் தாக்கியது. அதுவரை என் மாமாவிடம் தப்பு உண்டென்று எவரும் என்னிடம் சொன்னதில்லை. திரும்பும் பேருந்தில் அவரருகே உட்கார மறுத்தேன்.

"இன்னாம்மா, மாமா மேல கோவமா?"

"விபத்தே வராதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

"நீ நல்லாத்தான் பேசுன. ஒரு வார்த்த கூடத் தப்பில்ல" என்றார். அதை வெறும் ஆறுதல் என்றே எண்ணி, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் பணி நிரந்தர ஆணை வந்தது. வீடே தாளாளரை வாழ்த்தியது. "அவ்ளோ பேரு எதிர்ல மானத்த வாங்கினவன மன்னிச்சு வுட்டாரே, அவுருதான் மனுஷன்" என்று அம்மா உருகினார். எனக்கும் அப்படியே பட்டது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் 'மன்னிப்பு' என்ற தலைப்பு வந்தபோது, அந்தத் தாளாளரையே எடுத்துக்காட்டாக நிறுத்தி முதல் பரிசை வென்றேன். கைக்குழந்தையோடு அத்தையும், பக்கத்தில் மாமாவும் முன்வரிசையில் இருந்தனர். எல்லோரும் ஓய்ந்த பிறகும் மாமா மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்வது பின்னாளில் என் வழக்கமாயிற்று. சென்ற ஆண்டு கல்லூரி விடுதியில் தோழிகளின் நடுவே எழுந்து நின்று, அன்றைய பேச்சை அதே கையசைப்போடு முழங்கினேன். "இந்தக் கணினி ரயிலைப் பார்ப்பதில்லை; மணியைத்தான் பார்க்கிறது! மணி பிழைக்காதவரை..."

எந்த மேடையிலும் தடுமாறாத என் நாக்கு, அந்த இடத்தில் நின்றுவிட்டது. அன்று மணியைப் பிழையாக்கச் சொன்னவர் தாளாளர். தோழிகள் அடுத்த சொல்லுக்காகச் சிரித்தபடி காத்திருந்தார்கள். எனக்கோ, ஓயாத அந்த ஒற்றைக் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.