சைட்காரில் ஒரு சாம்பியன்

நான் ஒரு முழு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததுபோலப் பெருமைப்பட முடியாது. சுவிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, விசாரணையில் ஊரில் என்ன தொழில் என்று கேட்டார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டியில் சாம்பியன் என்று சொன்னேன். மொழிபெயர்க்க இருந்த தமிழர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, உண்மையாத்தானோ?”

“ஓம் அண்ணை. எழுதச் சொல்லுங்கோ.”

எழுதினார்கள். ஊரைவிட்டு ஓடிவந்த காரணம் அத்தனையும் உண்மை. அதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. தொழிலைச் சொல்லும்போது மட்டும் கணீரென்று வந்தது. ஊரில் எனக்குத் தொழிலே இருக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

என்னைப் பீல் நகரத்துக்கு அனுப்பினார்கள். வேலை தேடிக்கொடுக்கும் அம்மா என் கோப்பைப் பார்த்து முகம் மலர்ந்தார். எல்லோரையும் ஹோட்டல் குசினிக்கு அனுப்பியவர், என்னை மட்டும் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜுக்கு அனுப்பினார். அதன் முதலாளி நிஜமான சாம்பியன்.

அவர் ஓட்டியது சைட்கார் பூட்டிய வண்டி. ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்துத் தட்டில் தொங்கிக்கொண்டு வருவார். முதலாளி ஐரோப்பா முழுக்க ஓடி வென்றவர், சொந்த நாட்டைத் தவிர. சுற்றுப்பாதையில் ஓடுவதற்கு இந்த நாட்டில் அவர் பிள்ளையாக இருந்த காலத்திலேயே தடை போட்டுவிட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வண்டியை வேனுக்குள் ஏற்றி, எல்லை கடந்து, வண்டிக்குப் பக்கத்திலேயே படுத்தெழும்பி, ஓடி, திங்கட்கிழமை காலையில் கராஜைத் திறப்பார். வென்ற கப்புகளில் ஆணி, நட்டு, வாஷர் போட்டு வைத்திருந்தார். இடது முழங்கால் மடங்காது. அதிகம் கதைக்கவும் மாட்டார். முதலாளியை அங்கே ஷெஃப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் கிழமையே, “ஞாயிற்றுக்கிழமை பிரான்சில் ஓட்டம், வா” என்றார். என்ன சாக்குச் சொல்லித் தப்புவது என்று யோசித்தேன். பிறகு சட்டைப்பையில் இருந்த கடுதாசி நினைவுக்கு வந்தது. எல்லை தாண்டக்கூடாது என்று எழுதி என்னை இந்த நாட்டுக்குள் அடைத்து வைத்திருந்த கடுதாசி. அன்றுதான் அதை முதன்முதலாகக் கொஞ்சினேன். ஜெர்மனியில் ஓட்டம் என்றால் கடுதாசியைக் காட்டிக் கவலைப்படுவேன். இத்தாலி என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கவலைப்படுவேன். ஒரு கோடை முழுவதும் இப்படியே தப்பினேன்.

பிறகு இரண்டாவது விசாரணைக்கு அழைப்பு வந்தது. என்னோடு ஒரே அறையில் இருந்த, உணவகத்தில் கோப்பை கழுவும் அண்ணை அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“பழைய பதிலும் புதுப் பதிலும் ஒண்டாய் இருக்கவேணும். ஒரு பொய் பிடிபட்டால் மிச்ச உண்மையையும் குப்பையிலை போட்டிட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்கள்.”

“அப்ப என்ன அண்ணை செய்யிறது?”

“உன்ரை முதலாளியிட்டை ஒரு கடிதம் வாங்கு, நீ சாம்பியன் எண்டு.”

“நான் மோட்டச்சைக்கிளிலை பின்னுக்கு இருந்துதான் போயிருக்கிறன்.”

“அதை எனக்குச் சொன்னது காணும். வேறை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

கடிதம் கேட்டேன். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு, “முதலில் நீ ஓடுவதைப் பார்க்கிறேன்” என்றார். அந்த ஞாயிறு ஒரு சிறிய சங்கத்தின் மலை ஓட்டம் இருந்தது. மலையேறும் ஓட்டத்துக்கு இந்த நாட்டில் தடை இல்லை. அவரோடு தொங்கும் மைத்துனருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. மலையோ சுவிசுக்குள்ளேயே இருந்தது. கடுதாசியை எடுத்துப் பார்த்தேன். அது எனக்கு உதவவில்லை.

மைத்துனரின் தோலுடுப்புக்குள் என்னைப் போட்டுக் கழுத்துவரை சிப்பை இழுத்துப் பூட்டினார்கள். வலது வளைவில் வலப்பக்கம் வெளியே தொங்கவேண்டும், பின்பக்கம் தார் ரோட்டை முத்தமிடுமளவுக்கு. இடது வளைவில் பின் சில்லின்மேல் சரியவேண்டும். இதுதான் என் வேலை. செய்யாவிட்டால் வண்டி பிரளும், அல்லது ஓட்டுபவர் ஆமை வேகத்தில் போகவேண்டும்.

வண்டி புறப்பட்டது. நான் இரண்டு கைப்பிடியையும் பலாப்பழத்தைக் கட்டிப்பிடிப்பதுபோலப் பிடித்தேன், அவ்வளவுதான். முதல் வளைவில் அவர் “வலம்! வலம்!” என்று கத்தினார். நான் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன். பஸ் என்றால் மணி அடித்து இறங்கலாம். இதில் கதவும் இல்லை, மணியும் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் நானும் என் பொய்யும். இரண்டாவது வளைவிலிருந்து அவர் வேகத்தைக் குறைத்துவிட்டார். ரோட்டோரத்துப் பசு ஒன்று எங்களை ஆறுதலாகத் திரும்பிப் பார்த்தது.

உச்சியில் பலகையில் நேரங்களை ஒட்டினார்கள். எங்கள் இலக்கம் எல்லாவற்றுக்கும் கீழே.

தோலுடுப்பின் சிப்பு இறுகிவிட்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை, மூச்சு முட்டியது. முதலாளிதான் வந்து இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார். அது திறந்த கையோடு என் வாயும் திறந்துகொண்டது.

“ஷெஃப், நான் சாம்பியன் இல்லை. விசாரணையில் பொய் சொல்லிவிட்டேன்” என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில்.

“முதல் வளைவிலேயே விளங்கியது.”

கடிதம் கைவிட்டுப் போய்விட்டது. கடிதத்தோடு என் அகதி வழக்கும் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் புல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார்.

“வாழ்க்கையில் ஒன்றுமே வெல்லவில்லையா?”

“ஒன்று வென்றேன். சாதாரண சைக்கிளில். எங்கள் ஊர் விளையாட்டுப் போட்டியில் மெதுவான சைக்கிள் ஓட்டம் என்று ஒன்று இருக்கிறது. கால் நிலத்தில் முட்டாமல் ஊர்ந்து வரவேண்டும். ஆகக் கடைசியாக வருபவனுக்குத்தான் முதல் பரிசு.”

“கடைசியாக வருபவனுக்குக் கப்பா?”

“கப் இல்லை. சவர்க்காரப் பெட்டி.”

அவர் தலையைத் திருப்பி அந்தப் பலகையின் அடியில் இருந்த எங்கள் இலக்கத்தைப் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டு வேனுக்குப் போய், கராஜின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, வண்டியின் இருக்கையில் வைத்து எழுதத் தொடங்கினார்.

“என்ன எழுதுகிறீர்கள், ஷெஃப்?”

“சாம்பியன் என்று.”