பீரோவிலிருந்து எடுத்த மார்க்ஸ் கார்டு

என் மகனுக்கு இயல்பாகக் கைவந்த ஒரே வேலையை அவனுக்குக் கிடைக்காமல் செய்தவன் நான். தெரியாமல் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில், நன்றாக யோசித்துச் செய்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனைவி பக்கவாதத்தில் விழுந்தாள். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நான் ஓர் அரசுத் தொழிற்சாலையில் எஞ்சினியர். விடிந்ததும் மல்லேஸ்வரத்தில் ஃபேக்டரி பஸ் ஏறினால் மாலைதான் திரும்புவேன். மகன் பிளஸ் ஒன்னுக்குச் சமமான பி.யு.சி. முதலாண்டு படித்துக்கொண்டிருந்தான். கணக்கில் தடுமாறிப் பாஸாகிறவன். இவளை யார் பார்த்துக்கொள்வது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே அவன் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டான்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு நர்ஸ் வாரம் இரண்டு நாள் வருவார். ஐம்பது வயது இருக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. அவர் செய்வதை இவன் ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, முழங்கால்களுக்கு இடையில் தலையணை, குதிகாலைத் தூக்கிப் பார்ப்பது. யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றும் அவனிடம் இருந்தது. அம்மாவைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வான். நான் ஊட்டினால் பல்லை இறுக்கிக்கொள்கிறவள், அவனுக்கு வாயைத் திறந்தாள்.

"ஒன்றரை வருஷமா படுக்கை சார். முதுகைப் பாருங்க, ஒரு சிவப்பு இருக்கா? எங்க வார்டுல பத்து வருஷம் சர்வீஸ் போட்டவளுக்கே இந்தக் கை வராது. இவனை எங்களுக்குக் குடுத்துடுங்க" என்றார் நர்ஸ்.

"என்ன சிஸ்டர், பொண்ணு கேக்கற மாதிரி கேக்கறீங்க?"

"சிரிக்காதீங்க சார். நான் நெஜமாத்தான் கேக்கறேன்."

மகன் தலையைக் குனிந்துகொண்டு பவுடர் டப்பாவை மூடினான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் இல்லை.

பி.யு.சி. முடிந்ததும் அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் ஸ்கூலில் அவனுக்கு இடம் கிடைத்தது. மாலையில் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள மேட்ரனிடம் அனுமதியும் வாங்கிவிட்டார் அந்த நர்ஸ். திங்கட்கிழமைக்குள் ஒரிஜினல் மார்க்ஸ் கார்டுகளைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்தி எப்படியோ ஃபேக்டரி பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. "என்ன சார், பையன் நர்சாமே! தலையில தொப்பி உண்டா?" என்றார் பின்சீட்டுக்காரர். "ஊசி போட எங்க வீட்டுக்கும் அனுப்புங்க" என்றார் இன்னொருவர். பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பீரோவைத் திறந்து அவனுடைய எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. மார்க்ஸ் கார்டுகளை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் எஞ்சினியரிங் காலேஜுக்குப் போனேன். மேனேஜ்மெண்ட் சீட் காலியாக இருந்தது. கவுண்டரில் இருந்த கிளார்க் கன்னடமும் தமிழுமாக எச்சரித்தார்: "சார், ஒரிஜினல் உள்ள போனா போனதுதான். நடுவுல விட்டா நாலு வருஷ ஃபீஸும் கட்டினாத்தான் திரும்ப வரும். ஆமேலெ பந்து கேளபேடி."

பிறகு வந்து கேட்காதீர்கள் என்கிறார். எனக்கு வேண்டியதும் அதுதான். கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் மகன் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தான். "அப்பா, ஒரிஜினல் காணோம்பா. திங்கக்கிழமை கடைசி நாள்."

"அட்டெஸ்டேஷனுக்குக் குடுத்திருக்கேன்டா. வந்துடும்."

திங்களன்று ஜெராக்ஸோடு போய்த் திரும்பி வந்தான். செவ்வாய்க்கிழமை உண்மையைச் சொன்னேன், பாதியை மட்டும். ஒரிஜினலைத் திருப்பித் தரமாட்டார்கள் என்ற விதி எனக்குத் தெரியாது, நல்லதற்குத்தான் எஞ்சினியரிங்கில் சேர்த்தேன் என்றேன். அவன் சண்டை போடவில்லை. "அம்மாவை யாருப்பா திருப்பிப் படுக்க வெப்பாங்க?" என்று மட்டும் கேட்டான்.

ஆயா வைத்தேன். அவள் நின்றாள், இன்னொருத்தி வந்தாள். அந்த நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். மகன் ஹாஸ்டலில் இருந்தான். தசரா விடுமுறைக்கு வந்தவன், பையைக்கூட இறக்காமல் நேரே அம்மாவின் அறைக்குப் போனான்.

"எத்தனை நாளா இருக்கு இந்தப் படுக்கைப்புண்ணு?"

"ஆயா மருந்து போடறா."

"அப்பா, எலும்பு தெரியுதுப்பா."

நான் போய்ப் பார்க்கவில்லை. நாற்றம் மட்டும் எனக்குத் தெரியும். அதற்குத்தான் ஊதுவத்தி ஏற்றிவைத்திருந்தேன். ஒன்பது நாள் அவன் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. புண்ணின் ஓரங்கள் சிவந்து சதை பிடிக்க ஆரம்பித்தன. பத்தாம் நாள், இண்டர்னல் பரீட்சை என்று நானே அவனை பஸ் ஏற்றி அனுப்பினேன். அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். இரத்தத்தில் சீழ் கலந்துவிட்டதாக டாக்டர் சொன்னார்.

மகன் மூன்றாம் ஆண்டில் பதினோரு பேப்பர் அரியரோடு காலேஜை விட்டான். மார்க்ஸ் கார்டுகள் அங்கேயே கிடந்தன. ஒரிஜினல் இல்லாமல் யாரும் எதிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு வண்டி அனுப்பும் டெஸ்க்கில் உட்கார்ந்தான். எந்த ஷட்டில் பஸ்ஸில் எத்தனை பேர், எந்த கேப் லேட் என்று நாள் முழுக்க போனில் திட்டு வாங்கும் வேலை. திருமணம் செய்துகொண்டான். ஒரு பெண் குழந்தை. தீபாவளிக்கு வருவான், சாப்பிடுவான், போவான்.

நான் ஓய்வு பெற்றபின் அந்தக் காலேஜுக்குப் போய், பாக்கி ஃபீஸைக் கட்டி, கார்டுகளை மீட்டேன். ஓரங்கள் பழுத்திருந்தன. வைட்ஃபீல்டில் அவன் ஃப்ளாட்டுக்குப் போய் மேசைமேல் வைத்து, மீதிப் பாதியையும் சொன்னேன். "அந்த விதி எனக்குத் தெரியும்டா. திரும்ப வராதுன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவன் கார்டைப் பிரித்து, தன் பழைய போட்டோவை வெகுநேரம் பார்த்தான்.

"இப்ப சேரலாம்டா. மூணு வருஷமும் வீட்டுச் செலவை நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்ட வரைக்கும் போதும்பா" என்றான்.

ஆனால் அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு அந்த நர்சிங் ஸ்கூலுக்கு அவன் போயிருக்கிறான். வயது வரம்பைத் தாண்டி எட்டு மாதம் ஆகிவிட்டது என்றார்களாம். இதை மருமகள்தான் சொன்னாள். சொன்னதைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். எட்டு மாதம். நான் ஓய்வு பெற்று அதற்குள் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடமும், போகலாம், போகலாம் என்று தள்ளிப்போட்டேன்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மகன் வந்து என்னைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். இதை எழுதுவது அங்கே படுக்கையிலிருந்துதான். ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் என் முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணையை வைத்தான்.

தினமும் காலையில், ஷட்டிலுக்குக் கிளம்பும் முன், வந்து நிற்கிறான். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் கண்களை மூடிக்கொள்கிறேன். "திரும்புங்க" என்கிறான். எனக்கு வலிக்காமல் எப்படியோ திருப்பிவிடுகிறான். முதுகு, இடுப்பு, குதிகால் என்று ஒவ்வோரிடமாக விரலால் அழுத்திப் பார்க்கிறான்.

"புண் இல்ல" என்கிறான், பக்கத்தில் நின்று யாரோ குறித்துக்கொள்வதுபோல.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகிறான்.