பஞ்சுத் தூசி என்று நான்தான் சொன்னேன்

என் மனைவி செல்விக்கு முதலில் வந்தது மூச்சிரைப்பு. வேலம்பாளையத்தில் எங்கள் வீடு மாடியில். பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். "வயசாயிருச்சுங்க" என்று சிரிப்பாள். அப்போது அவளுக்கு முப்பத்துநாலு.

அவள் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைப்பவள். நான் அதே கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயருக்கு முன்னால் கம்பெனி வேலையைத்தான் சொல்வோம். நானும் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். "பனியன் கம்பெனிங்க. பஞ்சுத் தூசி ஒத்துக்கலீங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டு இன்ஹேலர் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சும் கருவி) எழுதினார். நோயின் பெயரை நான் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார். அடுத்துப் பார்த்த இரண்டு டாக்டர்களும் பழைய சீட்டைப் பார்த்து அதையே எழுதினார்கள்.

பதினோரு மாதம் போயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணையில் சாய்ந்தபடி உறங்கினாள். இருமலில் ரத்தம் வந்த அன்று மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த பேராசிரியை சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, செல்வியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். மைட்ரல் வால்வு சுருக்கம் (இதயத்தின் இடப்பக்கக் கதவு முழுதாகத் திறக்காத நிலை). சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலின் மிச்சம் என்றார்.

வால்வைச் சரிசெய்யத் தேதி கொடுத்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு செல்வி போய்விட்டாள்.

அடுத்த வருடம் அந்தப் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். "பசங்களுக்கு யோசிக்கக் கத்துக்கொடுக்கணுங்க. முதல் நாள் டாக்டர்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க. முடிவ மட்டும் சொல்லாதீங்க."

எட்டு மாணவர்கள் இருந்தார்கள். சொன்னேன். ஏழு பேர் தூசி ஒவ்வாமை என்று மளமளவென்று எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுதாமல் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் பூட்டிருக்குமே, அப்ப அக்காவுக்கு மூச்சிரைப்பு குறைஞ்சுதுங்களா?"

"இல்லீங்க கண்ணு. அப்பவும் உட்காந்துதான் தூங்குனா."

"அப்பறம் தூசிதான்னு எப்படிங்க சொல்றது?"

அந்தக் கேள்விக்கு ஊசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். அவ்வளவு சின்னக் கேள்வி. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முன்னால் வந்தது. பேராசிரியை மற்றவர்களிடம், "இத நீங்க ஏன் கேக்கலைன்னு ஊட்டுக்குப் போய் யோசிங்க" என்றார்.

அந்தப் பெண் விடவில்லை. "இத அக்கா டாக்டர்கிட்டச் சொல்லலீங்களா?"

சொன்னாள். செல்வி இரண்டாவது டாக்டரிடம், "லீவுலயும் இருக்குதுங்க..." என்று ஆரம்பித்தாள். நான் கையமர்த்தினேன். "நீ சும்மா இரு, நான் சொல்றேன்."

இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த எட்டுப் பேரிடம் சொன்னேன்.

நோயாளியோடு துணைக்குப் போகிறவர்களே, காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதைச் சொல்லுங்கள். அதையும் முதலில் நோயாளியே சொல்லட்டும்.

வருடாவருடம் அந்த வகுப்புக்குப் போகிறேன். இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் என் வாய் உடனே திறப்பதில்லை. பக்கத்தில் செல்வி பேச ஆரம்பித்தது போல இருக்கும். முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். நான் யோசிப்பதாக மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.