நாலு நிமிஷக் கதாநாயகி

செலினுக்கு ஊசி போடத் தெரியும், சலைன் ஏற்றத் தெரியும், முரண்டு பிடிக்கும் டாக்டர்களை வழிக்குக் கொண்டுவரவும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: நடந்ததை நடந்தபடி சொல்வது. மைசூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் முப்பது வருஷமாக நர்ஸ். அங்கே யாருக்காவது அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தால், அந்தச் செய்தி அவள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் ஆள் இரண்டு தடவை செத்துப் பிழைத்திருப்பான். பொய் என்று சொல்லிவிட முடியாது. கண், காது, மூக்கு வைப்பாள், அவ்வளவுதான். உற்சாகம் அதிகமானால் மீசையும் வைத்துவிடுவாள்.

புருஷன் ஸ்டானிஸ்லாஸ், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், இதையெல்லாம் ரசித்துக் கேட்பார். ரசிக்காத ஒரே ஜீவன் ஜோவிதா. செலினுடைய அண்ணன் கார்ல் உயிரோடு இல்லை. அவர் மனைவிதான் இந்த ஜோவிதா. பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வரும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லும் அன்பியத்துக்கும் அவள்தான் தலைவி. செலின் எதைச் சொன்னாலும் ஜோவிதா நிதானமாக, "அதுல பாதியைக் கழிச்சுக்கோங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்தைந்து வருஷமாக இது நடக்கிறது. செலினுக்கு வாழ்க்கையில் ஒரு பெரிய ஆசை உண்டென்றால் அது இதுதான்: ஒரே ஒரு தடவை, நாலு பேர் நடுவில், தான் சொன்னது நிஜம் என்று அண்ணி வாயால் கேட்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதற்கு ஒரு வழி பிறந்தது. கொள்ளேகாலத்துக்காரர் மனோஜ்குமார், சொந்த முயற்சியில் ஒரு படம் எடுக்கிறேன் என்று கேமராவும் நாலைந்து ஆட்களுமாக நர்சிங் ஹோமுக்கு வந்தார். கோபிநத்தத்திலிருந்து ஒரு கிழவர் வைத்தியத்துக்காகப் பட்டணம் வருகிறார், அவ்வளவுதான் கதை. கிழவராக நடித்த முனிராஜும் நிஜமாகவே கோபிநத்தம். நர்ஸாக நடிக்க வந்த பெண் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துவிட்டாள். அவளுக்குச் சலைன் ஏற்றிப் படுக்க வைத்துவிட்டு, செலின் பவுடர் போட்டுக்கொண்டு அவள் இடத்தில் போய் நின்றாள்.

ஆரம்பத்தில் அடக்கமாகத்தான் சொன்னாள், "ஒரு சின்ன ரோல்" என்று. கிறிஸ்துமஸ் வந்தபோது அது முக்கியமான ரோலாகியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடிவதற்குள், "கிளைமாக்ஸே என் மேலதான்" என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. படம் எங்கே வெளியாகப் போகிறது என்ற தைரியம்.

வெளியாகிவிட்டதே. இந்த வருஷம் மைசூரில் நாலு நாள் திரைப்பட விழா. ஸ்டார் யாரும் இல்லாமல் சின்னதாக எடுத்த படங்கள், வெளிநாட்டுப் படங்கள், எல்லாம் மனுஷர் வாழ்க்கையைச் சொல்லும் டிராமா. ஒரு மாலின் மூன்றாவது மாடியில் இரண்டு திரை. பேப்பரில் பட்டியலைப் பார்த்த ஜோவிதா, பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம செலின் கதாநாயகியா நடிச்ச படம். அன்பியத்துலேர்ந்து எல்லாரும் போறோம். இருபத்தி நாலு பாஸ் சொல்லிட்டேன்."

பாதியைக் கழிக்காமல் முழுசாகச் சொன்னாள் பாருங்கள், அதில்தான் விஷமம்.

வியாழக்கிழமை, விழாவின் முதல் நாளே, செலின் லீவு போட்டுவிட்டு மாலுக்கு ஓடினாள். மனோஜ்குமார் வரும்வரை ஒரு வெளிநாட்டுப் படத்தில் உட்கார்ந்தாள். ஒரு பெண் பனியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். செலின் தூங்கி எழுந்தாள். அந்தப் பெண் இன்னும் காத்திருந்தாள். படம் முடிந்துவிட்டது, பஸ் வரவில்லை. பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். இந்த மாதிரி ஆட்கள்தானா படம் எடுக்கிறார்கள் என்று செலினுக்குக் கவலை அதிகமாகிவிட்டது.

வெளியே மனோஜ்குமாரைப் பிடித்து, படத்தில் தான் இருக்கிறேனா என்று கேட்டாள்.

"அக்கா, நீங்க இருக்கறீங்க. ஒரே ஷாட்டு, முழுசா நாலு நிமிஷமுங்க" என்றார்.

செலினுக்கு உயிர் வந்தது. "நாலு நிமிஷமா? முகம் நல்லா வந்திருக்கா?"

"முகம் இல்லீங்க. கை."

"எந்தக் கை?"

"உங்க கைதானுங்க. முனிராஜ் அய்யாவோட கையைப் புடிச்சிருக்கறது. முகம் வந்து… எடிட்டிங்ல போயிருச்சு. அப்பறமா சொல்றனுங்கக்கா" என்று நழுவிவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. ஸ்டானிஸ்லாஸ் விஷயத்தைக் கேட்டு, "பேசாம அண்ணிகிட்ட உண்மையைச் சொல்லிடேன்" என்றார்.

"நல்லாச் சொன்னீங்க. ஏற்கெனவே கை மட்டும்தான் இருக்கு. அதுலயும் அண்ணி பாதியைக் கழிச்சா விரல்தான் மிஞ்சும்."

சாதாரணப் பெண்ணாக இருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பாள். செலின் அப்படிப்பட்டவளா? டேவிஸுக்குப் போன் போட்டாள். டேவிஸ் அன்பியத்தின் செயலாளர். பக்திமான். அவர் காதில் ஒரு ரகசியம் விழுந்தால் அடுத்த ஜெபக் கூட்டத்துக்குள் ஐம்பது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

"டேவிஸண்ணா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இந்த ஃபெஸ்டிவல் படத்துக்கெல்லாம் சென்சார் கிடையாதாம்."

"ஹௌதா? அப்படியா?" என்றார் டேவிஸ். கொஞ்சம் அதிர்ச்சி வந்தாலே அவருக்குக் கன்னடம் வந்துவிடும்.

"ஆமாண்ணா. வெட்டாம அப்படியே போடுவாங்க. இந்தப் படத்துலகூட ஒரு மாதிரி சீன் இருக்காம். குடும்பத்தோட பார்க்க முடியாது. நாம சர்ச்சுக்குப் போற ஜனங்க. அண்ணிகிட்ட நீங்களே பதமாச் சொல்லி நிறுத்திடுங்க."

டேவிஸ் 'ஆண்டவரே' என்று ஒரு தடவை சொன்னார். பிறகு, "ஷோ எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அப்போதாவது செலினுக்கு உறைத்திருக்க வேண்டாமோ?

ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போன செலினுக்குத் தலை சுற்றியது. இருபத்து நாலு பேர் இல்லை, ஐம்பத்து மூன்று பேர் நின்றார்கள். குடும்பத்தோடு பார்க்க முடியாத படம் என்றால் தனியாக வந்து பார்க்கலாமே என்று ஆண்கள் எல்லோரும் தனித்தனியாகக் கிளம்பி வந்திருந்தார்கள். இந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு எங்கே போகிறார் என்று பெண்டாட்டிகள் பின்னாலேயே வந்திருந்தார்கள். முட்டி வலி என்று பூசையில் முழங்காலே போடாத ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், லிஃப்டில் கூட்டம் என்று மூன்று மாடியையும் படியேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விழாவை நடத்தும் புரொபசர் நஞ்சுண்டசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. மைசூரில் கலைப் படத்துக்கு இப்படி ஒரு கூட்டமா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

ஜோவிதா செலினைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். "கதாநாயகி எங்க போற? இங்கயே உட்காரு."

படம் ஆரம்பித்தது. முனிராஜ் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாடு போனது. அதே மாடு திரும்பி வந்தது. இருபதாவது நிமிஷத்தில் முனிராஜ் சட்டையைக் கழற்றினார். டேவிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். முனிராஜ் சட்டையை உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். ஹெட்மாஸ்டர் பெருமூச்சு விட்டது பின்வரிசைவரை கேட்டது. செலினுக்கு இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. சீக்கிரம் கரண்ட் போகட்டும் என்று அந்தோணியாரை வேண்டிக்கொண்டிருந்தாள்.

கரண்ட் போகவில்லை. ஆஸ்பத்திரி வந்தது. வெள்ளைப் படுக்கை, அதன்மேல் முனிராஜின் காய்ப்புக் காய்த்த கை. அது நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கை வந்து அதைத் தொட்டது. ஊசியைக் குத்தி, டேப்பை ஒட்டி, வேலையை முடித்தது. முடித்த பிறகும் போகவில்லை. கிழவரின் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது. கட்டைவிரல் மட்டும் மெதுவாக, குழந்தைக்குத் தட்டிக் கொடுப்பதுபோல, அவர் புறங்கையைத் தடவிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. தியேட்டரில் ஒருவரும் இருமவில்லை.

அடுத்த காட்சி வந்தது, முகம் வரவில்லை. படமும் முடிந்துவிட்டது. விளக்குப் போட்டார்கள். செலின் தலையைத் தூக்கவில்லை. 'இதுதானா' என்று ஒருவர் கேட்டாலும் போதும், வேறு சர்ச்சுக்கு மாறி நஞ்சன்கூட்டுப் பக்கமே போய்விடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள்.

மனோஜ்குமார் மேடையேறியதும், யாருக்காவது கேள்வி உண்டா என்று நஞ்சுண்டசாமி கேட்டார். ஜோவிதா எழுந்து மைக்கை வாங்கினாள். போச்சு, மொத்தமும் போச்சு என்று செலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நர்ஸா வந்தவங்க முகத்தை ஏன் காட்டல?" என்று கேட்டாள் ஜோவிதா. கிளாஸில் பையன்களை எழுப்பிக் கேட்கிற குரல்.

மனோஜ்குமார் தர்மசங்கடத்தோடு செலினைப் பார்த்தார். "அக்கா, சொல்லட்டுங்களா?"

செலின் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

"பதினோரு தடவை எடுத்தமுங்க. பதினொண்ணுலயும் அக்கா கேமராவப் பார்த்துச் சிரிச்சாங்க. அந்தப் பக்கம் பேஷண்டு பயத்துல அழுகறாரு, இந்தப் பக்கம் நர்ஸு போட்டோவுக்கு நிக்கறாங்க. என்ன சொல்லியும் நடக்கலீங்க."

தியேட்டரே குலுங்கியது. ஐம்பத்து மூன்று பேரும் சிரித்தார்கள், டேவிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஸ்டானிஸ்லாஸும் சிரித்துவிட்டார், துரோகி. மற்றவர்களுக்கு மானம் கப்பலேறும். செலினுடையது சினிமாத் தியேட்டரில் மைக் வைத்துப் போனது.

சிரிப்பு அடங்கட்டும் என்று மனோஜ்குமார் காத்திருந்தார்.

"ராத்திரி எடிட்டிங்ல உட்கார்ந்து பார்த்தப்பத்தானுங்க தெரிஞ்சது. முகம் கேமராவ விடவே இல்ல. கை அந்த ஆள விடவே இல்ல. முனிராஜ் அய்யாவுக்கு நடிக்கத் தெரியாதுங்க, அவர் நிஜமாத்தான் பயந்துட்டு இருந்தாரு. நாங்க யாரும் அதைக் கவனிக்கல. அந்தக் கை கவனிச்சிருக்குது. அதனால முகத்தை வெட்டிட்டனுங்க."

ஜோவிதா மைக்கைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றாள். பிறகு குனிந்து, சீட்டுக்குள் சுருண்டு கிடந்த செலினின் வலது கையைப் பிடித்து அவளையும் சேர்த்து எழுப்பினாள். அந்தக் கையை எல்லோரும் பார்க்கும்படி மேலே தூக்கினாள்.

"இது இவ நடிச்சதுன்னு நீங்க நினைச்சுக்கிட்டிருப்பீங்க. இல்ல. என் வீட்டுக்காரர் கார்ல் அந்த ஆஸ்பத்திரியிலதான் போனாரு. கடைசி மூணு நாளும் இந்தக் கையைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். இந்தப் படத்துல இவதான் கதாநாயகி. அவ சொன்னது நிஜம்."

மைக் இருந்ததால் கடைசி வரிசைக்கும் கேட்டது. முதலில் ஹெட்மாஸ்டர் எழுந்து கைதட்டினார், அப்புறம் எல்லோரும். ஐம்பத்து மூன்று செல்போன்கள் அவர்கள் பக்கம் திரும்பின. செலினுக்கு அழுகை நிற்கவில்லை, மூக்கு ஒழுகியது, பவுடர் எல்லாம் கரைந்துவிட்டது. ஆனாலும் ஒரு போனையும் விட்டுவைக்காமல், ஒவ்வொன்றையும் நேராகப் பார்த்துச் சிரித்தாள்.