மகள் கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி

திண்டுக்கல்லில் எங்கள் அச்சகத்துக்கு அந்த ஆங்கில அச்செழுத்து வந்தபோது எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும். ஐம்பதுகளின் நடுவில். என் வீட்டுக்காரர் மெட்ராஸில் ஏதோ ஹோட்டல் அட்டையில் அதைப் பார்த்துவிட்டு, பித்துப் பிடித்தவர்போல் அலைந்து வாங்கி வந்தார். நிற்கிற கோடு தடிமனாக, குறுக்கே ஓடுகிற கோடு சேலை இழை மாதிரி மெலிசாக, பார்க்கவே ஒரு பணக்காரக் களை. ஈயத்தில் வார்த்த அந்த மெல்லிய கோடு கொஞ்சம் இடித்தாலும் முறிந்துவிடும். எழுத்துக் கோக்கிற ஆட்களோ வேலை முடிந்ததும் எதையும் பெட்டியில் வீசித்தான் போடுவார்கள். அவர் கொதித்துப்போய், "இவிங்ய கைக்கு இது தாங்காது. இனிமே நீ மட்டும் தொடு" என்று என்னிடம் ஒப்படைத்தார். கான்வென்டில் எட்டாவது வரை படித்திருந்தேன். அது போதுமாக இருந்தது.

புகையிலை வியாபாரிகள், மில்காரர்கள், கொடைரோட்டில் இறங்கி மலைக்குக் கார் ஏறுகிற பங்களாக்காரர்கள் எல்லாரும் எங்களிடம் வந்தார்கள். அகரம் பக்கத்துப் பண்ணையார் ஒருவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாமலே, வீட்டு விசேஷப் பத்திரிகையில் அந்த எழுத்தில் ஒரு பக்கம் அடித்தே ஆகவேண்டும் என்று நிற்பார். எவன் எவன் கௌரவத்தையோ நான் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அச்சகத்தை விற்றுவிடு என்றார்கள் அத்தனை பேரும். விற்கவில்லை. நானே நடத்தினேன். மகளைப் படிக்க வைத்தேன், மாப்பிள்ளை பார்த்தேன், சீரும் செய்தேன். அதுவரை எட்டிப் பார்க்காத அவருடைய அண்ணன், கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் வாசகம் எழுதிக்கொண்டு வந்து நின்றார்.

அழைப்பவர் இடத்தில் அவர் பெயர், அவர் சம்சாரம் பெயர். பெண்ணின் தகப்பன் என்று செத்துப்போனவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் எங்குமே இல்லை. கேட்டதற்குச் சாந்தமாகத்தான் சொன்னார்.

"தாலியறுத்தவ பேரு நல்ல காரியப் பத்திரிகையில வாரது நம்ம பக்கம் வழக்கமில்லத்தா. நான் என்ன செய்ய?"

வழக்கமாம். அறுத்தவள் சம்பாதித்த காசில் பந்தல் போடலாம், பந்தி போடலாம், அவள் பெயர் மட்டும் தீட்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில், அவர் அந்தப் பக்கம் போனதும், ஆங்கிலப் பக்கத்தில் பெண்ணின் தாயார் என்று என் பெயரை நானே கோத்தேன். அந்த எழுத்தில் என் பெயரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரோ பெரிய வீட்டு அம்மாள் பெயர்போல இருந்தது. புரூஃப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் காட்டினேன்.

எழுத்து லட்சணமாக இருக்கிறது என்றாள். பிறகு தலை நிமிராமல், "இந்த வரிய மட்டும் எடுத்துரும்மா. அவுக வீட்ல அபசகுனம்னு நெனச்சா, நான்தான அங்க போயி வாழணும்" என்றாள்.

அவள் பெரியப்பனோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பிருந்தது. இவளை என்ன செய்வது?

அச்சகத்துக்குத் திரும்பி அந்த வரியை உருவினேன். இடைவெளி தெரியாமல் மற்ற வரிகளை நகர்த்தி வைத்தேன். மறுபடி புரூஃப் எடுத்தோம். அச்சடிக்கக் கொடுத்தவர் புரூஃபில் கையெழுத்துப் போடாமல் எதுவும் மிஷின் ஏறக்கூடாது என்பது எங்கள் அச்சகச் சட்டம். மிஷின்காரர் தாளை நீட்டினார். எல்லாம் சரி என்று எழுதி, அடியில் என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். அடித்து முடித்ததும் அவர் அந்தத் தாளைக் கசக்கி, மிஷினில் ஒட்டியிருந்த மையைத் துடைத்தார்.