மலைக்கு இரண்டாவது கசங்கல்

சுரங்கப்பாதை வேலையில் அவரை மடிப்பக்கா என்றால்தான் தெரியும். பாறை அடுக்குகளைப் பார்த்து, உள்ளே எப்படி மடிந்திருக்கும் என்று படம் போட்டுத் தருபவர். நொறுங்கித் தண்ணீர் கோத்த ஓர் அடுக்கைத் தாண்டியதும் வீட்டுக்குப் போகலாம் என்று பேச்சு. தாண்டியாயிற்று. மகள் நிறைமாதம். பை மேசைக்கடியில் தயார்.

கிளம்புமுன் புதிதாக வந்த பெட்டியைத் திறந்தார். சுரங்கம் இனிப் போகவேண்டிய பாறையில் முன்கூட்டியே துளைபோட்டு எடுத்த உருளைக் கற்கள். காய்ந்த கல்லில் எதுவும் தெரியாது. பழக்கதோஷம், ஈரத்துணியால் துடைத்தார். முந்தைய பெட்டிகளில் நேராக ஓடிய வரிகள் இதில் நெளிந்திருந்தன. குறுக்கே மெல்லிய புது வரிகள்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி எட்டிப்பார்த்தார். “என்னக்கா, கிளம்பலையா? டிரைவர் ஹாரன் அடிச்சே பேட்டரிய தீர்த்துடுவான்.”

“நாளைக்கு வெடி வைக்காதீங்க.”

“அந்த நொறுங்கின கல்லத்தான் தாண்டியாச்சே! நீங்கதானே சொன்னீங்க?”

அக்கா துணியை இரண்டாக மடித்து மேசையில் படுக்கவைத்தார். “மலை எழும்பினப்போ இப்படி மடிஞ்சு படுத்துச்சு. என் படம் இதோட முடிஞ்சுது. ரொம்ப காலம் கழிச்சு பக்கத்துலருந்து இன்னொரு நெருக்கு.” துணியின் இரு ஓரங்களையும் நெருக்கினார். திமில் திமிலாக எழும்பியது. ஒரு திமிலின் பக்கத்தில் பென்சிலை நீட்டினார். “இதுதான் நம்ம சுரங்கம். நொறுங்கின அடுக்கை இந்தப் பக்கம் தாண்டிட்டோம். அந்தப் பக்கம் அதே அடுக்கு மறுபடி இறங்கி வரும்.”

“ஒரு தடவை கசங்கினது போதாதாமா அதுக்கு?”

“எனக்கும் அதேதான் தோணுது.”

தலைமைப் பொறியாளர் போனில் பத்து நிமிஷம் கத்திவிட்டு, துளையை மட்டும் நீட்டிப் பார்க்கச் சம்மதித்தார். சாயங்காலம் துளையிலிருந்து கலங்கல் தண்ணீர் பீய்ச்சியது. வெடி நின்றது. மேஸ்திரி ஆட்களை வெளியே கூப்பிட்டுக்கொண்டார்.

மகள் கூப்பிட்டாள். “அம்மா, வண்டி ஏறிட்டியா?”

“இல்லடி. இன்னொரு தடவை தாண்டணும்.”

“நீ என்னைப் பெத்தியா, அந்த மலையப் பெத்தியா?”

“ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கல.”

மகள் சிரிக்கவில்லை. “மாமியார் இருக்காங்க, பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

அக்கா வண்டியைத் திருப்பி அனுப்பினார். பையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, துணியை மறுபடி நனைத்து, படத்தைப் புதிதாகப் போட முதல் பெட்டியிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.