படகுத்துறையைக் காவல் காத்த கோடை

வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறினாலே எனக்குச் சந்தேகமும் கூடவே வந்துவிடும். பெங்களூரில் எங்கள் தெரு முடிகிற ஏரிக்கரையில் பழைய படகுத்துறைக் கட்டடம் ஒன்று உண்டு; வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக்கூரை, உள்ளே நீளநீளமாகத் தேக்கு பெஞ்சுகள், ஏரிப்பக்கக் கதவைத் திறந்தால் நேரே படகு. டீச்சரான அம்மா அதில் ஏறித்தான் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். சாலை வழியென்றால் பஸ் மாறி மாறி, முதல் மணிக்குப் போய்ச் சேரவே முடியாது.

நான் ஐந்தாவது முடித்த கோடை விடுமுறையில், கட்டடத்தைப் 'புதுப்பிக்கிறோம்' என்று படகை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. "ரிப்பேர்னு சொல்லிட்டு தேக்கை லாரியில ஏத்திடுவானுங்க, பார்த்துக்கிட்டே இரு" என்றார் பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டி. அன்றிலிருந்து பெண்கள் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். பீன்ஸ் நார் உரிப்பது, ஜெபமாலை சொல்வது, எங்களுக்குத் தலை பின்னுவது எல்லாம் அந்த பெஞ்சுகளில்தான். வார்னிஷ் அடிக்க வேண்டுமென்று மேஸ்திரி "ஸ்வல்ப ஏளிம்மா" என்று கன்னடத்தில் எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சினாலும், பக்கத்து பெஞ்சுக்குத்தான் நகர்வார்களே தவிர வெளியே போக மாட்டார்கள். ஏரிப்பக்கம் கட்டியிருந்த சாக்குப் படுதாவைத் தூசிக்காக என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு பெஞ்சுகூடக் காணாமல் போகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று மிதப்பில் இருந்தோம். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மேஸ்திரி படுதாவை அவிழ்த்தார். அங்கே கதவில்லை, வெள்ளையடித்த சுவர்.

"கதவு எங்கேப்பா?" என்று அம்மா கேட்டார்.

"பிளான்ல இல்லீங்க டீச்சர். இனிமே படகு கிடையாது. இது கல்யாண ஹால்."

அம்மா அந்த வருஷமே வேலையை விட்டார். எனக்கு அந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

இப்போது மறுபடி புதுப்பிக்கிறார்கள், இந்த முறை 'பழையபடியே' என்று போர்டு வைத்து. போன வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். சுவரை இடித்துக் கதவு வைத்திருந்தார்கள். வெளியே புதுப் படகு. நம்பாமல் கதவை இழுத்து, தள்ளி, தட்டிப் பார்த்தேன். நிஜக் கதவுதான். அம்மா அங்கிருந்த இன்ஜினியர் பெண்ணிடம் ஆசையாகக் கேட்டார்.

"அந்தப் பக்கம் எங்கம்மா இறக்கி விடுவீங்க?"

"அங்க துறையெல்லாம் இல்ல ஆன்ட்டி, ஃபுல்லா அபார்ட்மென்ட் காம்பவுண்டு. ஒரு ரவுண்டு அடிச்சுட்டு இங்கயே இறக்கிடுவோம்."

அம்மா அக்கரையைப் பார்த்தார்.

"அப்ப நான் ஏறலைம்மா" என்றார்.